தறி நின்ற நாளின் ஜெபம்

எங்கள் சபையில் நீளமாக ஜெபம் பண்ண ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் நான் கண்ணை மூடினால் பந்தியில் சாம்பார் ஆறிவிடும் என்று எங்கள் போதகர் ஐயரே ஒரு தடவை பிரசங்கத்தில் சாடையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பெருமைதான். சுவிசேஷமுத்து ஜெபித்தால் ஒரு விவரம் விட்டுப்போகாது. நோயாளியின் பேர், அவர் தகப்பனார் பேர், எந்தத் தெரு, என்ன வியாதி, எத்தனை நாளாக, எந்த மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் ஆமென் போடுவேன். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் பதினாறு வருஷமாக மனு வாங்கிப் பழகியவன் நான். முகவரி இல்லாத மனு எங்கள் ஆபீஸில் தள்ளுபடி. மேலே உள்ள ஆபீஸிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

இன்னொரு விஷயம், என் சத்தம். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கும் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கும் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் பன்னிரண்டு தறி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரவு வரை கடகடவென்று ஓடும். எங்கள் வீட்டில் உப்பு கேட்பதும் சண்டை போடுவதும் ஒரே குரலில்தான் நடக்கும். சாயங்காலம் ஆறரைக்கு வீட்டு ஜெபம். பன்னிரண்டு தறிக்கும் மேலே என் குரல் போக வேண்டும். போகும்.

என் மனைவி கனகமணி பிரசவ விடுதியில் நர்ஸ். அவள் ஜெபம் ஒரு மூச்சு. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, பாத்துக்கிடும், ஆமென்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஜெபம் என் டிபார்ட்மென்ட், மற்றதெல்லாம் அவள் டிபார்ட்மென்ட் என்று பதினெட்டு வருஷமாகக் குடும்பம் ஒழுங்காக ஓடியது.

எண்பத்திரண்டாம் வருஷம் புரட்டாசியில் ஊர் கெட்டது. இரண்டு தெருக்காரர்களுக்குள் தகராறு. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். இரண்டு தெருவிலும் எனக்கு வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எனக்கும் சில பற்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒருத்தன் சைக்கிள் இன்னொருத்தன் வேட்டியில் சேறடித்தது. அவ்வளவுதான் ஆரம்பம். மறுநாள் சைக்கிள்காரன் மூக்கு உடைந்தது. அதற்கு மறுநாள் ஒரு வைக்கோல் படப்பு எரிந்தது. நாலாம் நாள் ஒருவன் காது அறுந்தது. பெண்கள் மொட்டைமாடியில் கல் குவித்தார்கள். ஆண்கள் படுக்கைக்கு அடியில் அரிவாள் வைத்தார்கள். அந்த வாரம் ஊரில் சோடா விற்கவில்லை, சோடா பாட்டில் விற்றது. எங்கள் மகள் இன்பம் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தாள். நல்ல காலம்.

வியாழக்கிழமை பஸ்கள் நின்றன. தறிகளும் நின்றன. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆபீஸைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். வெயிலுக்கு இல்லை, கல்லுக்கு.

மார்க்கெட் முக்குக்கு வரும்போது டீக்கடை எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரரைக் காணவில்லை. எரிகிற கடைக்குள்ளே பால் பாத்திரம் மட்டும் தன் பாட்டுக்குப் பொங்கி வழிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இரண்டு பக்கமும் ஆட்கள் வந்துவிட்டார்கள். முதல் கல் என் குடையில் ஓட்டை போட்டது. முதல் சோடா பாட்டில் என் காலடியில் வெடித்தது. பக்கத்தில் சாக்கடை மேல் ஒரு சின்னப் பாலம் இருந்தது. அதற்கடியில் புகுந்தேன். அதாவது, இடுப்பு வரைக்கும் புகுந்தேன். என் உடம்புக்கு அந்தப் பாலம் போதவில்லை. பின்பாதியை ஊருக்கு விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.

பாலத்தின் மறுவாய் வழியாக எல்லாம் தெரிந்தது. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட்டுகிற மூக்காண்டி, இருபத்தைந்து வயசுப் பையன், மருந்துக் கடையிலிருந்து ஓடி வந்தான். ஒரு கையில் பெண்டாட்டி பேச்சிக்கு வாங்கிய மாத்திரைப் பொட்டலம், இன்னொரு கையில் தறியிலிருந்து கழற்றிய இரும்புக் கம்பி. மாத்திரை வாங்கப் போகிறவனுக்குக் கம்பி எதற்கு என்று கேட்டால், கல்லுக்குக் குடை பிடித்தவனையும் கேட்க வேண்டும். மற்றத் தெருக்காரர்கள் அவனை வளைத்தார்கள். முன்னால் வந்தவன் நல்லகண்ணு. மீசை சரியாக முளைக்காதவன். அரிவாளை ஓங்கி மூக்காண்டி தோளில் போட்டான். பச்சை மரத்தில் விழுந்த மாதிரி அது பதிந்து நின்றது. நல்லகண்ணு அதை இழுத்துப் பிடுங்குவதற்குள் மூக்காண்டி திரும்பி, கம்பியை அவன் தலையில் இறக்கினான். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். நல்லகண்ணு சாப்பாட்டுக்கு உட்காருகிறவன் மாதிரி மெதுவாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முகம் முழுக்க ரத்தம் இறங்கிக் கண்ணை மூடியது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று அடித்தவர்களுக்கே தெரிந்திருக்காது. வெற்றிலைக் கடைக்காரர் கையை நீட்டி, "வேண்டாம்யா, வேண்டாம்யா" என்றார். நீட்டிய கையில் இரண்டு விரல் போயிற்று. ஒருவன் வேட்டியில் தீயோடு என்னைத் தாண்டி ஓடினான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவருக்காகவும் பேர் சொல்லி ஜெபித்தேன். என்னால் முடிந்தது அதுதான் என்று அப்போது நினைத்தேன். என் பின்பாதியை மூன்று பேர் மிதித்துக்கொண்டு போனார்கள்.

சந்து சந்தாக ஒளிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. அடுக்களைக்கு அடுத்த விறகு அறையிலிருந்து முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சாக்கு விரிப்பில் மூக்காண்டி கிடந்தான். கனகமணி பக்கத்தில் குத்துக்காலிட்டு, கொதிக்க வைத்த ஊசியில் கறுப்பு நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். புறவாசல் சந்தில் விழுந்து கிடந்தவனைத் தனியாளாக இழுத்து வந்திருக்கிறாள்.

"ஏட்டி கனகம், இவன் யாருன்னு தெரியுமா?"

"நம்ம தறி மூக்காண்டி."

"இவன் நல்லகண்ணு மண்டையப் பொளந்துட்டான். நான் கண்ணால பாத்தேன்."

"இவன் தோளையும் எவனோ பொளந்திருக்கான். நான் கையால தொட்டுக்கிட்டிருக்கேன். அந்த டார்ச்சைப் பிடிங்க."

"நீ பிரசவ நர்சு."

"தோலு எல்லா இடத்துலயும் தோலுதான். பிடிங்கன்னு சொல்லுதேன்."

பிடித்தேன். என்னால் அந்தக் காயத்தைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முகம் போன பக்கம் டார்ச்சும் போயிற்று.

"லைட்டு சுவத்துல அடிக்கி. சுவத்தையா தைக்கச் சொல்லுதிய?"

மூக்காண்டி ஒரு விறகைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் விறகில் பல் இறங்கியது. ஏழாவது தையலில் விறகைத் துப்பிவிட்டு, "எக்கா, நான் செத்துருவேனா?" என்றான்.

"சாகப் போறவன் இம்புட்டுக் கத்த மாட்டான். கடி."

"அந்தப் பய செத்துட்டானா எக்கா?"

அவள் விறகை எடுத்துத் திரும்ப அவன் வாயில் செருகினாள். பதினொரு தையல். முடித்து எழுந்தபோது அவள் சேலையில் கொசுவம் முழுக்க ரத்தம்.

அடுக்களைக்கு வந்து நான் கிசுகிசுத்தேன். "இவனை வெளிய விட்டுருவோம் கனகம். பொன்னுச்சாமி தேடி வருவான்."

பொன்னுச்சாமி நல்லகண்ணுவின் அண்ணன். ஒரு கோடைக்குள் மூன்று பனைமரத்தைத் தனியாக வெட்டிச் சாய்த்தவன். அவனைப் பார்த்தால் மரங்களே பயப்படும் என்று தெருவில் சொல்லுவார்கள். அது வேடிக்கைக்குச் சொன்னது என்று வியாழக்கிழமை வரை நினைத்திருந்தேன்.

"காலையில போலீஸ் வேன் வருதாம். அதுல ஏத்தி விடுவோம். இப்ப வெளிய விட்டா நாலு எட்டுல கொன்னு போட்டுருவான். அதுவரைக்கும் அவன் இங்கன கெடக்கட்டும். நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்."

ஒரு மனிதன் உயிர் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பொறுத்தது. இதைவிட மோசமான ஏற்பாடு உலகத்தில் உண்டா?

ஆறரை மணி ஆனது. நான் பாயை விரித்தேன்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள் கனகமணி.

"பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல. இன்னைக்கா விடுவது?"

"அப்பம் மனசுக்குள்ள பண்ணுங்க."

மனசுக்குள்தான் ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் எனக்கு மனசுக்குள் ஜெபிக்கத் தெரியாது. முதலில் உதடு அசைந்தது. பிறகு தொண்டை சேர்ந்துகொண்டது. கண்ணை மூடினால் எனக்குத் தறிச் சத்தம் கேட்கும், பதினெட்டு வருஷப் பழக்கம். அன்று தறி ஓடவில்லை என்பதை என் காது மறந்துவிட்டது. ஊரில் ஒரு தறி இல்லை, ஒரு பஸ் இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. அந்த மயான அமைதியில் பன்னிரண்டு தறிக்கு மேலே போகிற குரலில் நான் மன்றாடினேன். கலெக்டருக்காக மன்றாடினேன். வெற்றிலைக் கடைக்காரரின் இரண்டு விரலுக்காக மன்றாடினேன். பிறகு உள்ளம் உருகி, "எங்கள் விறகு அறையிலே, வலது தோளிலே பதினொரு தையலோடே படுத்திருக்கிற உமது பிள்ளை மூக்காண்டியை, தேடுகிறவர்கள் கண்ணுக்கு மறைத்தருளும் பிதாவே" என்று...

கனகமணியின் கை என் வாயில் விழுந்தது. ரத்த வாசனையும் டெட்டால் வாசனையும் சேர்ந்து அடித்தன.

வெளியே தெருவில் காலடிகள் நின்றன.

"ஏ சுவிசேஷம் அண்ணாச்சி." பொன்னுச்சாமியின் குரல். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். "கதவத் திறங்க."

கனகமணி என்னைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. எழுந்து போய், கதவைத் திறக்காமலே கேட்டாள். "என்ன பொன்னுச்சாமி?"

"நர்ஸம்மா, அவனை வெளிய தள்ளுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது."

"உன் ரெண்டு பிள்ளையும் என் கையிலதான்லே பிறந்துச்சு."

"அதுக்குச் சேலை எடுத்துத் தந்தாச்சுல்லா. பேச்ச வளக்காதீங்க."

நாங்கள் ஆபத்துக்கென்று வைத்திருந்த ஒரே சீட்டு அதுதான். முதல் ஆட்டத்திலேயே போயிற்று. நான் கதவுக்கு அருகே போய், "பொன்னுச்சாமி, இங்க யாரும் இல்லப்பா" என்றேன்.

"யோவ், இப்பதானவே சொன்னீரு? விறகு ரூமு, வலது தோளு, பதினொரு தையலு. தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

"அது... ஜெபத்துல சொன்னது."

பொன்னுச்சாமி உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டான்: "அப்பம் உங்க சாமிகிட்ட பொய் சொன்னீரா? இல்ல எங்கிட்ட பொய் சொல்லுதீரா?"

ஐயர்மார் எவரும் என்னை இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் பதில் யோசிப்பதற்குள் கதவின் நடுப்பலகையில் கோடாரி இறங்கியது. இரண்டாவது அடியில் தாழ்ப்பாள் பறந்தது. ஏழு பேர் உள்ளே வந்தார்கள்.

அப்புறம் நடந்ததை ஊர் வேறு மாதிரிப் பேசியது. சுவிசேஷமுத்து அண்ணாச்சி குறுக்கே பாய்ந்து தன் உடம்பைக் கொடுத்தார் என்று. ஐயர் ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிக் கண் கலங்கினார். உண்மை என்னவென்றால், நானும் ஒளிந்துகொள்ளத்தான் விறகு அறைக்கு ஓடினேன். அந்த வாசல் குறுகல். சாக்கடைப் பாலத்தில் நடந்ததே இங்கேயும் நடந்தது, இந்தத் தடவை நெஞ்சு வரை உள்ளே. முன்னால் மூக்காண்டி சுவரோடு ஒட்டி என்னைப் பார்த்து நடுங்கினான். பின்னால் ஏழு பேர்.

காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் வரவில்லை. கட்டையால் முதுகில் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு நின்று திரும்ப வந்தது. அரிவாள் ஒன்று இடது கையைக் கீறிக்கொண்டு நிலைப்படியில் பதிந்தது. எப்படியோ என்னைத் திருப்பி உட்கார வைத்தார்கள். பொன்னுச்சாமி கோடாரிக் காம்பால் என் வாயிலேயே ஒன்று போட்டான். பற்கள் நாக்கில் உதிர்ந்தன. தாடை இடம் மாறிப்போனது. "எந்திரிவே" என்றான். இடது பக்கம் சாய்ந்திருந்தால் வாசலில் ஒரு ஆள் போகிற இடம் கிடைத்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் சாயவில்லை. இரண்டு கையாலும் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இரவைப்பற்றி நான் வெட்கப்படாமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். ஏன் சாயவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவனைக் காட்டிக்கொடுத்தவன் நான்தானே என்ற ரோஷமாக இருக்கலாம்.

"விடுவே!" பொன்னுச்சாமி அழுகிற குரலில் கத்தினான். "என் தம்பி அங்கன ரத்தம் நிக்காமக் கெடக்கான். ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்ட இவனுவ மறிச்சிட்டானுவ. அவன் சாகதுக்கு முந்தி இவன் சாகணும்!"

"ரத்தம் நிக்கலையா?"

கனகமணிதான் கேட்டாள். வார்டில் கேட்கிற குரலில் கேட்டாள். ஒருவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தான். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"எப்பத்துல இருந்து?"

"மத்தியானத்துல இருந்து."

"என்ன வச்சுக் கட்டுனிய?"

"காப்பிப் பொடி."

"அட கூறுகெட்ட மூதிகளா! நினைவு இருக்கா? பேசுதானா?"

"அம்மாங்கான். அப்புறம் கண்ண மூடிக்கிடுதான்."

அவள் தன் முடியைப் பிடித்திருந்தவன் கையைத் தட்டிவிட்டாள். அவனும் விட்டுவிட்டான். மூலையிலிருந்த தகரப் பெட்டியை எடுத்து, ஊசியும் நூலும் பஞ்சும் இருக்கிறதா என்று பார்த்து மூடினாள்.

"நட."

"நீங்க போங்க நர்ஸம்மா. நான் இவனை முடிச்சிட்டு வாரேன்."

"நீ இல்லாம உன் தெருவுக்குள்ள என்னை எவன்லே விடுவான்? வாசல்லயே வெட்டிப் போட்டுருவானுவ. இவன் எங்கயும் ஓடிர மாட்டான், எந்திரிக்கவே முடியாது. உன் தம்பிக்கு அப்படி நேரம் இருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் கை கழுவிட்டு வாரேன், அதுக்குள்ள யோசிச்சுக்க."

சொல்லிவிட்டு நிதானமாகக் கை கழுவினாள். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும். மூக்காண்டியின் ரத்தம் தண்ணீரோடு ஓடியது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பொன்னுச்சாமி இரண்டு பேரை நிறுத்திவிட்டு அவளோடு போனான். போகிறபோது அவர்களிடம், "தம்பிக்கு ஒண்ணுன்னு சேதி வந்தா, ரெண்டு பேரையும் முடிச்சிருங்க" என்றான். 'ரெண்டு பேர்' என்பதில் நானும் உண்டு என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

விடியும்வரை அந்த வாசலில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை ஜெபிக்க முடியவில்லை. மூக்காண்டி பின்னாலிருந்து தன் நல்ல கையால் என் கைக் காயத்தைச் சாக்குத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தான். காவலுக்கு நின்றவர்களில் ஒருவனுக்குத் தாகம். மூக்காண்டி தன் பக்கத்தில் கிடந்த செம்பை என் தோளுக்கு மேலாக நீட்டினான். அவன் வாங்கிக் குடித்துவிட்டு, யாரிடம் வாங்கினோம் என்று நினைவு வந்து, செம்பைச் சுவரில் எறிந்தான்.

வெளுக்கும்போது கனகமணி வந்தாள். பின்னால் பொன்னுச்சாமி, கையில் அரிவாள்.

"பதினாறு தையல்" என்றாள் எனக்கு. "கஞ்சி கேக்கான். பிழைச்சுக்கிடுவான்."

பொன்னுச்சாமி என் முன்னால் வந்து நின்றான். "எந்திரிவே" என்றான் மறுபடியும். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அரிவாள் மேலே போயிற்று. அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த கனகமணி திரும்பாமலே பேசினாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வாரேன் பொன்னுச்சாமி. தெனமும் கட்டு மாத்தணும். தலைக்காயம், சீழ் பிடிச்சா மூளைக்குப் போயிரும். வாசல்ல ஆள நிறுத்தி வை."

அது பேரமா என்று பிற்பாடு பலமுறை அவளைக் கேட்டிருக்கிறேன். "கட்டு மாத்தணுமா, வேண்டாமா?" என்பதுதான் அவள் பதில்.

அரிவாள் ரொம்ப நேரம் மேலேயே நின்றது. பிறகு இறங்கி, என் தலைக்கு ஒரு சாண் மேலே நிலைக்கட்டையைக் கொத்தியது.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும்தான்" என்றான் என்னைத் தாண்டி, இருட்டுக்குள் இருந்த மூக்காண்டியிடம். "என் தம்பி தலையில கட்டு இருக்கிற வரைக்கும் உன்னத் தொட மாட்டேன். கட்டுப் பிரிச்ச அன்னைக்கு உன்ன எங்க இருந்தாலும் வெட்டுவேன். எங்காத்தா மேல சத்தியம்."

ஏழு மணிக்குப் போலீஸ் வேன் வந்து மூக்காண்டியை ஏற்றிப்போனது. என்னை நிலையிலிருந்து பெயர்த்தெடுக்க நாலு போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது.

கனகமணி என் தாடையைச் சேர்த்துத் தலையோடு துணியால் கட்டிவிட்டாள். சபைக்கு அது நிம்மதியான காலம். ஜெபக்கூட்டங்கள் சொன்ன நேரத்துக்கு முடிந்தன. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, தினமும் காலையில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நல்லகண்ணு தெருவுக்குப் போனேன். முதல் நாள் யாரோ மாடியிலிருந்து சாணித் தண்ணீரை ஊற்றினார்கள். பொன்னுச்சாமியின் தாயார் இசக்கித்தாய் கதவை மறித்து நின்று எங்கள் வம்சத்தையே ஏசினாள். கனகமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெந்நி போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்காமலே வெந்நீர் தயாராக இருந்தது. ஏச்சும் தயாராக இருந்தது.

பத்தாம் நாள் தையல் பிரித்தாள். கட்டை மட்டும் பிரிக்கவில்லை. மருந்து வைத்து மறுபடி சுற்றினாள். இருபதாம் நாளும் சுற்றினாள்.

"எக்கா, உள்ள ஒரே அரிப்பா அரிக்கி" என்பான் நல்லகண்ணு.

"அரிச்சா இன்னும் ஆறலைன்னு அர்த்தம்."

இருபத்தெட்டாம் நாள் மூக்காண்டி ஜாமீனில் வந்தான். ஊரை விட்டுப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். பேச்சிக்கு நிறைமாதம், எங்கே போவான்? சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தது. வெட்டுப்பட்ட தோளோடு எட்டு மணி நேரம் ஓட்டினான். போகும்போதும் வரும்போதும் எங்கள் வாசலில் நின்று, "எக்கா, கட்டு இருக்கா?" என்று கேட்பான்.

"இருக்கு. போ."

அப்போது தீபாவளி வந்தது.

தீபாவளியன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருப்பார்களா? கட்டோடு எப்படி வைப்பது? கனகமணி முதல் நாளே யோசனையாக இருந்தாள். இரண்டு தடவை சாம்பாரில் உப்புப் போட்டாள். விடிந்தும் விடியாமலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தெருவெல்லாம் வெடிப்புகை. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் துள்ளினேன்.

பிந்திவிட்டோம். முற்றத்தில் மணைப் பலகையில் நல்லகண்ணு கோவணத்தோடு உட்கார்ந்திருந்தான். இசக்கித்தாய் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். பொன்னுச்சாமி தம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றும் கழன்று கீழே விழுந்தது.

மண்டையில் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு பக்கமும் முடி கருகருவென்று முளைத்திருந்தது. சுண்டுவிரல் வைக்கக்கூட ஈரமில்லை. மாசக் கணக்கில் ஆறிப்போன காயம் என்று நானே சொல்லிவிடுவேன். பொன்னுச்சாமி பெருவிரலால் அந்தக் கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தடவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கனகமணியைப் பார்த்தான்.

என் தாடைக் கட்டு அவிழ்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, என்னால் பேச முடியும். அந்த நேரத்தில் பேசாமலிருந்தது என் வாழ்க்கையிலேயே பெரிய காரியம். தூரத்தில் ஒரு சரவெடி வெடித்து முடிகிறவரை யாரும் அசையவில்லை.

பொன்னுச்சாமி உள்ளே போனான். அரிவாள் எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். தீபாவளிக்கு எடுத்த புது வேட்டியோடு வந்தான். அதன் ஓரத்தைப் பல்லால் கடித்து, நாலு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்தான். தம்பி தலையைச் சேர்த்துப் பிடித்து, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் சுற்ற ஆரம்பித்தான். மரம் வெட்டுகிற கை, கட்டுப் போடத் தெரியவில்லை. ஒரு காது உள்ளே போய்விட்டது.

"இன்னும் ஆறலைல்லா, நர்ஸம்மா?"

"ஆறலை" என்றாள் கனகமணி. கிட்டே போய் மடங்கிய காதை வெளியே எடுத்துவிட்டு, முடிச்சை இறுக்கினாள்.

"எண்ணே! எண்ணெய் தேய்க்கணும்லா!" என்று நல்லகண்ணு கத்தினான்.

பொன்னுச்சாமி எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி அவன் மடியில் வைத்தான்.

"கழுத்துக்குக் கீழ தேயிலே."